அத்தியாயம் 7: வீட்டு வைஃபைக்கு ஒரு சப்-மீட்டர்

2024 ஜனவரியில் ஒரு வாஷிங் மெஷின் சில நாள்களுக்கு உலகப் புகழ் பெற்றது. எக்ஸ் தளத்தில் ஒருவர் தன் வீட்டு ரவுட்டர் காட்டிய கணக்கைப் படமெடுத்துப் போட்டிருந்தார். அவருடைய எல்ஜி வாஷிங் மெஷின் நாள் ஒன்றுக்கு 3.6 ஜிபி டேட்டா செலவழிப்பதாக அந்தப் படம் சொன்னது. அதிலும் ஏறக்குறைய முழுவதும் வீட்டிலிருந்து வெளியே போன டேட்டா. துணி துவைக்கிற பெட்டிக்கு வெளியுலகத்தோடு அப்படி என்ன பேச்சு? ஹேக்கர் புகுந்துவிட்டானா, உள்ளே கிரிப்டோ காசு தோண்டுகிறார்களா என்று ஆளாளுக்கு ஊகித்தார்கள். கடைசியில் படத்தைப் போட்டவரே, ரவுட்டரின் கணக்குதான் பிசகியிருக்கும்போல என்று சொல்லிவிட்டார். மெஷின் பாவம்.

அவரைக் குறைசொல்ல முடியாது. வீட்டில் எந்தச் சாதனம் எவ்வளவு டேட்டா தின்கிறது என்று எட்டிப் பார்த்தவர் என்ற அளவில் அவர் நூற்றில் ஒருவர். அவர் தவறவிட்டது ஒன்றுதான்: அந்த எண்ணை எடுத்துத் தந்த மீட்டர் எங்கே நிற்கிறது, எதை எண்ணுகிறது என்று கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி தண்ணீர் பட்ட பாடு. வாசலில் ஈபி மீட்டர் ஒன்று. மாடிக்கு, பின்கட்டுக்கு, தனி அறைக்கு ஆளுக்கொரு சப்-மீட்டர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருகிறவர் வாசல் மீட்டரை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுவார். விடிய விடிய ஏசியை ஓடவிட்டது யார் என்ற வழக்கை சப்-மீட்டர்தான் தீர்க்கும். வீட்டு இணையத்தின் வாசல் மீட்டர் கம்பெனியின் ஆப்பில் இருக்கிறது. சப்-மீட்டர் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. அதை எங்கே மாட்டுவது, காட்டும் எண்ணை எவ்வளவு நம்புவது என்பவைதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

முதலில் வாசல் மீட்டர்

‘அன்லிமிடெட்’ என்று விற்கப்படும் ஃபைபர் திட்டங்கள் பலவற்றின் அடிக்குறிப்பில் ஓர் எண் ஒளிந்திருக்கும். இந்தியாவில் அது பெரும்பாலும் மாதத்துக்கு 3300 ஜிபி. கம்பியில்லாமல் ஆன்டெனா வைத்துத் தரும் ஏர்ஃபைபர் வகையில் 1000 ஜிபி என்பது வழக்கம். அந்த அளவைத் தொட்டதும் இணைப்பு அறுந்துவிடாது. வேகம் மட்டும் தரையில் விழும். சில திட்டங்களில் 100 எம்பிபிஎஸ் 4 ஆகும், சிலவற்றில் 2 ஆகும். பிராட்பேண்ட் என்ற பெயரைச் சூட்டிக்கொள்ள குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று 2023 ஜனவரியில் இந்திய அரசு வரையறுத்தது. அந்த இரண்டில் ஒரு டிவியும் இரண்டு போனும் சேர்ந்து ஓடினால் திரையில் வட்டம் சுற்றும்.

3300 ஜிபி யாருக்கு ஆகும் என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்கு போட்டால் மிரட்சி வரும். வேகத்தை பிட்டில் சொல்கிறார்கள், அளவை பைட்டில் சொல்கிறார்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 எம்பி வரும். மணிக்கு 45 ஜிபி. ஒரு நாள் முழுக்கக் குழாய் திறந்தே கிடந்தால் 1080 ஜிபி. மாதத்துக்கான 3300 ஜிபியை ஏறக்குறைய மூன்றே நாளில் தீர்த்துவிடலாம். எந்த வீடும் அப்படிக் குழாயை முழுதாகத் திறந்து வைப்பதில்லை. ஆனால் கால்வாசி திறந்தே கிடக்கும் குழாய்கள் சில வீடுகளில் உண்டு, வீட்டாருக்கே தெரியாமல்.

முந்தைய தலைமுறை இணையத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2005-இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தபோது ஒவ்வொரு எம்பிக்கும் கணக்கு இருந்தது. 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் காசில்லை என்ற சலுகை வந்ததும், அலாரம் வைத்து எழுந்து டவுன்லோட் போட்டுவிட்டுப் படுத்த கல்லூரிப் பிள்ளைகள் ஒரு தலைமுறையே இருந்தார்கள். அவர்களுக்கு மாதக் கடைசியில் எத்தனை எம்பி மிச்சம் என்பது மனப்பாடம். எண் பெரிதாகப் பெரிதாக அந்தப் பழக்கம் போய்விட்டது.

ஆகவே முதல் வேலை, கம்பெனியின் ஆப்பைத் திறந்து மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்வது: மாத அளவு எவ்வளவு, கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது, இறக்குவது மட்டும் எண்ணப்படுகிறதா, ஏற்றுவதும் சேருமா. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. பல திட்டங்களில் இரண்டும் சேர்த்துத்தான் கணக்கு. கணக்கு தொடங்கும் நாள் ஒன்றாம் தேதியாக இருக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ரீசார்ஜ் செய்த தேதியிலிருந்து ஓடும் திட்டங்களும் உண்டு.

வீட்டில் எத்தனை பேர்?

மீட்டருக்கு முன் தலையெண்ணிக்கை. நான்கு பேர் இருக்கும் வீட்டில் வைஃபையில் எத்தனை சாதனங்கள் என்று கேட்டால் ‘ஆறு, ஏழு இருக்கும்’ என்பார்கள். ரவுட்டரின் பட்டியலைத் திறந்தால் பதினைந்து இருக்கும். பழைய போன், பள்ளிக்கூட டேப்லெட், ஸ்மார்ட் பல்பு, வாசல் கேமரா, பிரிண்டர், தீபாவளிக்கு வந்த மச்சானின் போன் எல்லாம் அதில் உட்கார்ந்திருக்கும்.

பட்டியலைப் பார்க்க ரவுட்டரின் உட்பக்கத்துக்குப் போக வேண்டும். வைஃபையில் இருக்கும் கணினியில் பிரவுசரைத் திறந்து 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெரும்பாலான பெட்டிகள் வாய்திறக்கும். ஜியோ ஃபைபர் பெட்டிக்கு 192.168.29.1. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். இல்லாவிட்டால் இணைப்புக் கொடுக்க வந்தவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே போனதும் ‘கனெக்டட் டிவைசஸ்’ என்றோ ‘டிஎச்சிபி கிளையன்ட்ஸ்’ என்றோ ஒரு பக்கம் இருக்கும்.

அங்கே ஒவ்வொன்றுக்கும் எதிரே 12 எழுத்து கொண்ட ஒரு மேக் முகவரி தெரியும். அதன் முதல் 6 எழுத்து, சாதனத்தையோ அதன் வைஃபை சில்லையோ செய்த நிறுவனத்துக்கு ஐஇஇஇ என்ற அமைப்பு ஒதுக்கிக் கொடுத்தது. இணையத்தில் தேடினால் நிறுவனத்தின் பெயர் கிடைக்கும். ‘எஸ்ப்ரெஸிஃப்’ என்று வந்தால் அலற வேண்டாம். அது ஷாங்காயில் உள்ள சில்லு நிறுவனம். மலிவு விலை ஸ்மார்ட் பிளக், பல்புகளுக்குள் பெரும்பாலும் அதன் சில்லுதான் இருக்கிறது.

இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், போன்கள் ரவுட்டரிடம் தங்கள் அசல் மேக் முகவரியைச் சொல்வதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்கின்றன. மால், ஓட்டல், ரயில் நிலையம் என்று போகிற இடமெல்லாம் ஒரே ஆளை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு இது. வீட்டுக் கணக்குக்கு மட்டும் இடைஞ்சல். வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுத்து மறுபடி சேர்த்தாலோ, போனை ரீசெட் செய்தாலோ, அதே போன் புது ஆளாகப் பட்டியலில் நுழையக்கூடும். புனைபெயரைக் கண்டுபிடிக்க எளிய வழி, முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பார்ப்பது. அது 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் நிறுவனம் கொடுத்த முகவரி அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். வீட்டு வைஃபைக்கு மட்டும் இந்த வசதியை அணைத்துவிட்டால் போனுக்கு ஒரே பெயர் நிலைக்கும். ஐபோனில் அதன் பெயர் ‘பிரைவேட் வைஃபை அட்ரஸ்’. ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் ‘பிரைவசி’ பகுதியில் ‘யூஸ் டிவைஸ் மேக்’ என்று இருக்கும்.

அடையாளம் தெரிந்ததும் ரவுட்டரிலேயே பெயர் எழுதி வைத்துவிட வேண்டும். ‘அம்மா போன்’, ‘ஹால் டிவி’, ‘வாசல் கேமரா’. அடையாளம் தெரியாமல் மிஞ்சுவதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வீட்டில் ஒவ்வொரு சாதனமாக அணைத்துப் பட்டியலில் எது மறைகிறது என்று பார்ப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போகும். போகட்டும்.

மீட்டரை எங்கே மாட்டுவது

காசு செலவில்லாத மீட்டர் ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் ‘டேட்டா யூசேஜ்’ என்று தேடினால் மொபைல் டேட்டா தனி, வைஃபை தனி என்று ஆப் வாரியாகக் கணக்கு வரும். விண்டோஸ் 10, 11-இலும் ‘டேட்டா யூசேஜ்’ பக்கம் கடந்த 30 நாள் கணக்கைப் புரோகிராம் வாரியாகக் காட்டும். ஐபோன் இதில் கஞ்சம். மொபைல் டேட்டாவுக்கு ஆப் வாரியாகக் கணக்கு தரும். வைஃபையில் போனதற்குத் தராது. டிவிகளில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. வீட்டில் பெரிய சாப்பாட்டு ராமன் டிவிதான் என்பதால் இந்த வழி பாதிக் கிணறு.

கணினியில் ஒரு மென்பொருளைப் போட்டால் வீடு முழுவதையும் அது அளக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அளக்காது. பழைய காலத்து ஹப் பெட்டியில் ஒருவருக்கு வந்த கடிதம் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டும். இன்றைய சுவிட்சும் ரவுட்டரும் அவரவர் கடிதத்தை அவரவரிடம் மட்டும் சேர்க்கின்றன. லேப்டாப்பில் உட்கார்ந்திருக்கும் மென்பொருளுக்கு ஹாலில் ஓடும் டிவியின் டேட்டா கண்ணிலேயே படாது. ஃபிங் போன்ற ஆப்கள் யார் யார் வைஃபையில் இருக்கிறார்கள் என்று நன்றாகச் சொல்லும். யார் எவ்வளவு தின்றார்கள் என்பதை அவற்றால் எண்ண முடியாது. விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோலும் அப்படியே. எந்தச் சாதனம் எத்தனை முறை எந்தத் தளத்தின் முகவரியைக் கேட்டது என்று அது கணக்கு வைக்கிறது. ஒரு முறை முகவரி கேட்டுவிட்டு இரண்டு மணிநேரப் படத்தைப் பார்க்கலாம். நூறு முறை கேட்டும் ஒரு எம்பி தாண்டாமல் இருக்கலாம்.

வீட்டு டேட்டா முழுவதும் கடந்துபோகும் ஒரே வாசல் ரவுட்டர். மீட்டர் அங்கேதான் நிற்க வேண்டும்.

கம்பெனி கொடுக்கும் பெட்டிகள் பெரும்பாலும் மொத்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கின்றன. சாதனம் வாரியாகப் பிரித்துக் காட்டும் பெட்டி அபூர்வம். அப்படிப்பட்ட வீட்டில், அதற்குப் பின்னால் சொந்தமாக ஒரு ரவுட்டரை மாட்டி, பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, எல்லாச் சாதனங்களையும் புதியதில் சேர்ப்பதே வழி. அசுஸ் ரவுட்டர்களில் ‘ட்ராஃபிக் அனலைசர்’ இருக்கிறது. டிபி-லிங்கின் பழைய பச்சைத் திரை ரவுட்டர்களில் ‘சிஸ்டம் டூல்ஸ்’ பகுதிக்குள் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்று ஒரு பக்கம் உண்டு, அணைத்த நிலையில். லாட்வியா நாட்டு மைக்ரோடிக் பெட்டிகளில் ‘கிட் கன்ட்ரோல்’ என்ற பகுதி பெயருக்குக் குழந்தைகளுக்கானது; உண்மையில் ஒவ்வொரு சாதனமும் ஏற்றியது, இறக்கியது அத்தனையையும் வரிசைகட்டிக் காட்டும். வாங்கும்போது கடைக்காரரிடம் ‘எத்தனை ஆன்டெனா’ என்று கேட்பதைவிட, ஒவ்வொரு டிவைசுக்கும் மாதக் கணக்கு காட்டுமா என்று கேட்பது மேல்.

மாட்டும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. புது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறையில் வைத்துவிடுகிறார்கள். அப்போது வழிகாட்டும் வேலை பழைய பெட்டியிடமே இருந்துவிடும். புதியது வெறும் வைஃபை கம்பமாக நிற்கும், அதன் கணக்குப் பக்கங்கள் மறைந்துபோகும் அல்லது அரைகுறையாகும். ரவுட்டர் முறையில்தான் வைக்க வேண்டும். மெஷ் வகை வாங்கியவர்களுக்கும் இதே விதி.

கையைக் கொஞ்சம் அழுக்காக்கத் தயாராக இருப்பவர்களுக்கு ஓபன்டபிள்யூஆர்டி இருக்கிறது. 2002 கடைசியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரவுட்டரை வெளியிட்டது. அதற்குள் லினக்ஸ் ஓடுவதைப் பயனர்கள் கண்டுபிடித்துக் கேள்வி எழுப்ப, லினக்ஸின் உரிமப்படி அதன் மூல நிரலை 2003-இல் வெளியிட வேண்டியதாயிற்று. அதை வைத்து 2004-இல் முளைத்ததுதான் இந்த இலவச ரவுட்டர் மென்பொருள். பெயரின் பின்பாதி அந்த ரவுட்டரின் பெயர்தான். இன்று இதில் ‘என்எல்பிடபிள்யூமான்’ என்ற சிறிய இணைப்பைப் போட்டால், எந்தச் சாதனம் எவ்வளவு ஏற்றி இறக்கியது என்று மாதவாரியாக வட்டப்படத்தோடு வரும். கணக்கு தொடங்கும் தேதியையும் நம் ரீசார்ஜ் தேதிக்குப் பொருத்திக்கொள்ளலாம். கம்பெனி கொடுத்த பெட்டியில் இதை ஏற்றிப் பார்க்கும் எண்ணம் வேண்டாம்; பெட்டி செத்துப்போகும், இணைப்பும் போகும். ஓபன்டபிள்யூஆர்டி தளத்தில் உள்ள சாதனப் பட்டியலில் தன் ரவுட்டரின் மாடலும் பதிப்பு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கைவைக்க வேண்டும்.

இதிலும் தமிழ்நாட்டு வீடுகளுக்கென்றே ஒரு பொறி காத்திருக்கிறது. அந்த இணைப்பு தன் கணக்கை எழுதிவைக்கும் இடம், வழக்கமாக, மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவகம். மாதப் பராமரிப்புக்காகக் காலையில் கரண்டை நிறுத்தினால் இருபது நாள் கணக்கு காணாமல் போகும். அமைப்பில் சேமிக்கும் இடத்தை ஒரு யுஎஸ்பி பென்டிரைவுக்கு மாற்றிவிட வேண்டும், அல்லது ரவுட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கிவிட வேண்டும். பல கம்பெனி ரவுட்டர்களிலும் இதே கதைதான்: அணைத்துப் போட்டால் மீட்டர் பூஜ்ஜியம்.

மீட்டர் பொய் சொல்லும் இடங்கள்

எண் வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. வாஷிங் மெஷின் கதை அதற்குத்தான் முதலில் வந்தது.

ஒன்று, ஐபிவி6. இணைய முகவரிகள் தீர்ந்துபோனதால் வந்த புதிய முகவரி முறை இது. உலகில் இதை வேகமாக ஏற்றுக்கொண்ட நாடுகளில் இந்தியா முன்வரிசை. கூகுள் தளங்களுக்கு இந்தியாவிலிருந்து வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். யூடியூப், நெட்ஃபிளிக்ஸ், ஃபேஸ்புக் மூன்றும் ஐபிவி6-இல் ஓடுகின்றன. ஆனால் பழைய ரவுட்டர்களின் எண்ணும் மென்பொருள் சில ஐபிவி4 முகவரிகளை மட்டுமே எண்ணும். விளைவு, மாலை முழுக்க யூடியூப் பார்த்த டிவி கணக்கில் உத்தமராகத் தெரியும். சப்-மீட்டர்களின் கூட்டுத்தொகை வாசல் மீட்டரில் பாதிகூட வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது, குறுக்குவழி. வேகமான ரவுட்டர்களில் ‘ஹார்டுவேர் ஆஃப்லோடிங்’, ‘நாட் ஆக்சிலரேஷன்’ என்ற பெயர்களில் ஒரு வசதி உண்டு. டேட்டா மென்பொருள் வழியாகப் போகாமல் சில்லுக்குள்ளேயே கடந்துபோகும். டோல்கேட்டில் உட்கார்ந்து வண்டி எண்ணிக்கொண்டிருக்கையில், வண்டிகளெல்லாம் பக்கத்துக் கிராமத்துச் சாலையில் போய்விடுவதைப் போல. வேகம் கிடைக்கும், கணக்கு தவறும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அந்த வசதி இல்லாமலே பெரும்பாலான இன்றைய ரவுட்டர்கள் சமாளிக்கும் என்பதால், கணக்கு வேண்டும் மாதத்தில் அதை அணைத்து வைப்பது நல்லது.

மூன்றாவது கொஞ்சம் பழங்கதை. சுவிட்சர்லாந்துக்காரரான டோபி ஓட்டிக்கர், 1990-களின் நடுவில் இங்கிலாந்தின் டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அங்கே வெளியுலகத்துக்கு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பு. அதை யார் அடைக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரின் மீட்டரை வாசித்துக் கோட்டுப்படம் வரையும் எம்ஆர்டிஜி என்ற நிரலை எழுதினார். பின்னால் வந்த கோட்டுப்படங்கள் பலவற்றுக்கு அதுதான் முன்னோடி. அந்தக் காலத்து மீட்டர்கள் 32 பிட். 429 கோடி பைட், அதாவது 4.29 ஜிபி வந்ததும் பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மானி மாதிரி சுற்றி மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். 64 கிலோபிட்டுக்கு அது ஏராளம். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஆறு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். பழைய ரவுட்டர் ஒன்று எத்தனை நாள் ஓடினாலும் 4.29 ஜிபிக்கு மேல் காட்டவே மறுத்தால், காரணம் இது.

நான்காவது, வீட்டுக்குள்ளேயே ஓடும் டேட்டா. ஹார்டு டிஸ்கில் பதிவு செய்யும் டிவிஆரில் நான்கு கேமரா இரவும் பகலும் எழுதிக்கொண்டிருந்தாலும், வெளியூரிலிருந்து யாரும் போனில் பார்க்காதவரை இணையத்தில் ஒரு துளியும் போகாது. சில ரவுட்டர்கள் வைஃபையில் போனதையெல்லாம் கூட்டிக் காட்டிவிடும். வாசல் மீட்டரைத் தாண்டாத அந்த டேட்டாவுக்குக் கம்பெனி கணக்கு வைப்பதில்லை.

ஜிபியிலேயே இரண்டு ஜிபி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்பார்கள் சிலர். 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107 கோடியே சொச்சத்தை ஜிபி என்று எழுதும் மென்பொருள்களும் இருக்கின்றன, விண்டோஸ் உட்பட. கம்பெனி 3300 என்று காட்டும்போது வீட்டு மீட்டர் 3073 காட்டினால் இரண்டும் ஒரே அளவுதான். இந்த 7 சதவீத வித்தியாசத்துக்காக வாடிக்கையாளர் சேவையில் சண்டை போட்டவர்கள் நேரத்தைத்தான் இழந்தார்கள்.

தின்பவர்கள்

கணக்கு கையில் வந்த பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஒரே ஆளைத்தான்: ஹால் டிவி. நெட்ஃபிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் சொல்லும் கணக்குப்படி எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே தரத்தில் 7 ஜிபி வரை. தினம் நான்கு மணிநேரம் 4கே ஓடினால் மாதம் 840 ஜிபி. 1000 ஜிபி ஏர்ஃபைபர் வைத்திருக்கும் வீட்டில் மற்ற எல்லாருக்கும் சேர்த்து 160 ஜிபி மிச்சம். அதே நான்கு மணிநேரத்தை எச்டிக்கு மாற்றினால் 360. நெட்ஃபிளிக்ஸ் கணக்கின் அமைப்பில் தரத்தைச் சொல்லும் அந்த ஒரு வரியை மாற்ற இரண்டு நிமிடம் போதும். 32 அங்குல டிவியில் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. பாட்டுப் போட்டுவிட்டுச் சமையல் செய்யும் வீடுகளில், யாரும் பார்க்காத திரையில் யூடியூப் வீடியோ உச்சத் தரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வேலைக்கு 480பி தாராளம்.

அடுத்தது வாசல் கேமரா. டிவிஆர் இல்லாமல் நேரே கிளவுடில் சேமிக்கும் வைஃபை கேமரா ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் வீதம் விடாமல் அனுப்பினால் நாளுக்கு 21.6 ஜிபி, மாதத்துக்கு 648 ஜிபி. இரண்டு கேமரா என்றால் ஏர்ஃபைபரின் மாத அளவே போதாது. டவுன்லோடை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும்படி மாற்றினால் எண் சட்டென்று இறங்கும். வாசலில் வேப்பமரம் ஆடினாலும் நடமாட்டம் என்று எடுத்துக்கொள்ளும் கேமராக்கள் உண்டு. பதிவு செய்ய வேண்டிய பகுதியைப் படத்தில் கட்டம் போட்டுக் காட்டிவிட்டால் மரத்தின் தொல்லை தீரும்.

கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் வேகம் படுத்துவிட்டால் போன்களைப் பார்க்க வேண்டும். ஐபோனில் 4கே, நொடிக்கு 60 ஃபிரேம் என்ற அமைப்பில் எடுத்த வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி. ஒரு மணிநேரம் எடுத்திருந்தால் 24 ஜிபி. வீட்டு வைஃபையைத் தொட்டதும் அத்தனையும் பேக்கப்புக்கு ஏறத் தொடங்கும்.

கணினிகளின் சேட்டை வேறு ரகம். 2015-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-ஐ இலவசமாகக் கொடுத்தபோது, கேட்டவர், கேட்காதவர் என்று பாராமல் பல கணினிகளில் 6 ஜிபி வரையிலான கோப்புகளை முன்கூட்டியே இறக்கிவைத்தது. அளந்து விற்கும் இணைப்பு வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். அதே விண்டோஸ் 10-உடன் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ வந்தது. ஒருவர் கணினியில் இறங்கிய அப்டேட்டை அங்கிருந்தே முன்பின் தெரியாத கணினிகளுக்கும் அனுப்பிவைக்கும் ஏற்பாடு. செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதிக்குள் இதை அணைக்கலாம், அல்லது வீட்டுக்குள் உள்ள கணினிகளுக்கு மட்டும் என்று சுருக்கலாம். வீட்டில் கேம் ஆடும் பிள்ளை இருந்தால் இன்னொரு தகவல்: கால் ஆஃப் டூட்டி வகை ஆட்டங்கள் 100 ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. இடமில்லை என்று அழித்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி இறக்குவது பிள்ளைகளின் வழக்கம்.

சின்னச் சாதனங்களில் ஸ்மார்ட் பல்பு, பிளக், பிரிண்டர் எல்லாம் மாதத்துக்குச் சில எம்பியோடு அடங்கிவிடும். அவை ஜிபியில் பேசத் தொடங்கினால்தான் கவலை.

சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா?

ஈபி மீட்டரில் கசிவு பார்க்கத் தெரிந்தவர்கள் செய்வது ஒன்று உண்டு. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்ப்பார்கள். இணையத்துக்கும் இதே சோதனை செல்லும். இரவு எல்லாரும் படுத்த பிறகு மொத்தக் கணக்கைக் குறித்துக்கொண்டு, டிவியைச் சுவிட்சில் அணைத்து, போன்களின் வைஃபையை அணைத்துவிட்டுக் காலையில் மறுபடி பார்க்க வேண்டும். சில எம்பி கூடியிருந்தால் இயல்பு. சில ஜிபி கூடியிருந்தால் யாரோ விழித்திருக்கிறார்கள்.

அது பக்கத்து வீட்டுப் பையனாக இருக்கலாம். வைஃபை கடவுச்சொல்லை மாற்றி, டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியை அணைத்துவிட்டால் தீர்ந்தது. விருந்தாளிகளுக்கு ‘கெஸ்ட் நெட்வொர்க்’ தனியாக வைத்துவிட்டால் அடுத்த முறை கடவுச்சொல்லை மாற்றும் வேலையும் இருக்காது. ஆனால் ஏற்றும் டேட்டா மட்டும் விடாமல் ஏறிக்கொண்டே இருந்து, அதற்குக் காரணம் கிளவுடில் சேமிக்காத கேமராவோ டிவிஆரோ என்று தெரிந்தால் விஷயம் பெரிது. 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் கேமரா, டிவிஆர், ரவுட்டர்களுக்குள் புகுந்தது. அதன் ஆயுதம், தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொற்கள் சுமார் 60 கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். அப்படிப் பிடித்த படையைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று தளங்களுக்கு முகவரி காட்டும் சேவை தந்த டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் தடுமாறின. கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. படம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்குரிய கேமராவை ஃபேக்டரி ரீசெட் செய்து, கடவுச்சொல்லை மாற்றி, ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகுதான் மறுபடி வைஃபையில் சேர்க்க வேண்டும்.

அளப்பதற்கும் ஒட்டுக்கேட்பதற்கும் நடுவே ஒரு கோடு உண்டு, அதைத் தாண்டாமல் இருப்பது வீட்டு அமைதிக்கு நல்லது. யார் எத்தனை ஜிபி என்ற கணக்கு எல்லாருக்கும் தெரிந்தே ஓடலாம். ஹாலில் காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டினாலும் தவறில்லை. மகள் எந்தத் தளத்துக்குப் போனாள், மாடி வாடகைக்காரர் இரவில் என்ன பார்த்தார் என்று ரவுட்டரின் பதிவுகளைக் கிளறுவது வேறு வேலை. சில ரவுட்டர்களில் இரண்டும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்துப் பொத்தானாக இருக்கின்றன. தளப் பட்டியலைச் சேமிக்கும் பொத்தானை அணைத்து வைத்துவிட்டு, இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் வாடகைக்காரருக்கு இப்படி ஒரு மீட்டர் ஓடுகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

முதல் மாதம் எதையும் மாற்றாமல் அளக்க மட்டும் செய்வது நல்லது. இரண்டாம் மாதம் ஒரே ஒரு மாற்றம்: டிவியின் தரமோ கேமராவின் பதிவு முறையோ. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. கணக்கு முடிவதற்கு முதல் நாள் ரவுட்டரின் திரையையும் கம்பெனி ஆப்பின் திரையையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது பார்க்க வருகிறவர் முதலில் செய்வது ரவுட்டரை ரீசெட் செய்வதுதான்; அதோடு அந்த மாதக் கணக்கும் அழிந்துவிடும்.